ஜெர்மானிய ஏல் வீட்டில் காய்ச்சுவோருக்கு: நொதிப்பு வெப்பநிலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜெர்மனியின் கொலோன் நகருக்கு உரிய கோல்ஷ் வகை பீருக்கான ஈஸ்ட்டை வாங்கினால், உறையின் மேல் ‘13 முதல் 21 டிகிரி செல்சியஸ்’ என்பது போன்ற ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். முதன்முறையாகக் காய்ச்சுபவர் அதைப் படித்துவிட்டு, வீட்டு அறை 20 டிகிரியில் இருக்கிறது, வரம்புக்குள்தானே இருக்கிறது என்று நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் அந்த வரம்பு, ஈஸ்ட் சோர்ந்துவிடாமலும் பெரிதாகக் கெடுக்காமலும் வேலை செய்யக்கூடிய எல்லையை மட்டுமே சொல்கிறது. அதற்குள் எந்த இடத்தில் நின்றால் எந்தச் சுவை கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதோடு, அந்த எண் கலனுக்குள் இருக்கும் பீரின் வெப்பநிலையைக் குறிக்கிறதே தவிர, கலன் வைக்கப்பட்டிருக்கும் அறையின் வெப்பநிலையை அல்ல. இவ்விரண்டையும் புரிந்துகொண்டவருக்கு வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பது ஊகமாக இருக்காது. தனக்கு எந்த மாதிரி பீர் வேண்டும் என்பதிலிருந்து அவர் பின்னோக்கிக் கணக்குப் போட முடியும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். அடுப்பில் நாம் செய்வதெல்லாம் மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, இனிப்பான சாற்றை இறக்கி, அதை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைப்பதுதான். ‘வோர்ட்’ எனப்படும் அந்தச் சாறு குளிர்ந்து, அதில் ஈஸ்ட் சேர்ந்த பிறகே பீர் உருவாகத் தொடங்குகிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது என்பது பலரும் அறிந்தது. அந்த வேலையின் ஊடாகவே எஸ்டர்கள், உயர் ஆல்கஹால்கள், கந்தகச் சேர்மங்கள், டயசெட்டில் போன்ற துணைப்பொருள்களும் மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன. அளவில் சிறியவை என்றாலும் பீரின் மணத்தில் பெரும்பங்கு இவற்றுடையது. பழ வாசனை, கிராம்பு வாசனை, வெண்ணெய் வாசனை, தொண்டையை எரிக்கும் சாராய நெடி ஆகிய எல்லாம் இவற்றால் வருபவை. எது எவ்வளவு உண்டாகும் என்பதைத் தீர்மானிப்பதில் ஈஸ்ட்டின் இனத்துக்கு அடுத்த இடம் வெப்பநிலைக்கு உண்டு.

ஏல், லாகர் என்பவை பீரின் இரு பெரும் வகைகள். ஏல் காய்ச்சப் பயன்படுவது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட். லாகர் காய்ச்சப் பயன்படுவது சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் என்ற கலப்பினம். குளிரைத் தாங்கும் மற்றொரு காட்டு ஈஸ்ட்டோடு ஏல் ஈஸ்ட் கலந்து பிறந்த இனம் இது. யூபயானஸ் எனப் பெயரிடப்பட்ட அந்தக் காட்டு ஈஸ்ட் தென்னமெரிக்காவின் படகோனியக் காடுகளில் கிடைத்த செய்தி 2011-இல் வெளியானது. லாகர் ஈஸ்ட் ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரியில் வேலை செய்யும். ஆங்கிலேய, அமெரிக்க ஏல்கள் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரியில் நொதிக்கின்றன. ஜெர்மானிய ஏல்களில் கோல்ஷும், டுசல்டார்ஃப் நகரின் ஆல்ட்டும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை. வைஸ்பியர் எனப்படும் கோதுமை பீர் ஏல் பக்கமே சேர்வது.

ரைன் நதிக்கரையில் ஏன் இப்படி ஒரு நடுவழி உருவானது என்பதற்கு வரலாறு உண்டு. பவேரியாவில் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1553-இல் பிறப்பித்த ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதைத் தடை செய்தது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதே அதற்குக் காரணம். 1850 வரை நீடித்த அந்தத் தடையால் அங்கே காய்ச்சும் வேலை குளிர்காலத்துக்கு ஒதுங்கியது. குளிரில் வேலை செய்து கலனின் அடியில் படியும் அடிநொதிப்பு (லாகர்) ஈஸ்ட்டுகள் கோலோச்சின. கொலோன் நகரம் எதிர்த்திசையில் நடந்தது. அந்நகர மன்றம் 1603-இல் அடிநொதிப்பு பீரையே தடை செய்து, ஈஸ்ட் மேலே திரளும் மேல்நொதிப்பு (ஏல்) முறையைக் காப்பாற்றியது. பின்னர் 1870-களில் கார்ல் வான் லிண்டே மியூனிக்கில் ஒரு மதுவாலையின் ஆதரவோடு குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கியதும், ஆண்டு முழுவதும் குளிர்ந்த நிலவறை வைத்திருப்பது எல்லா ஊருக்கும் சாத்தியமாயிற்று. கொலோனும், அதிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள டுசல்டார்ஃபும் தங்கள் ஏல் ஈஸ்ட்டை விட்டுவிடவில்லை, குளிரையும் ஒதுக்கவில்லை. ஏல் ஈஸ்ட்டைக் கொண்டு சற்றுக் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டு, பிறகு லாகரைப் போல் உறைநிலைக்கு அருகே பல வாரங்கள் முதிரவிடும் முறை அப்படித்தான் நிலைபெற்றது. வீட்டில் நாம் பின்பற்ற வேண்டிய வெப்பநிலை அட்டவணையும் அதுவே.

கோல்ஷ் என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதை 1986-இல் 24 மதுவாலைகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வரையறுத்தது. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் அதற்கு உண்டு. எனவே வீட்டில் காய்ச்சுவது ‘கோல்ஷ் பாணி’ ஏல்தான். இந்தக் கட்டுரையில் சுருக்கம் கருதி கோல்ஷ் என்றே குறிப்பிடுகிறேன்.

வெப்பம் ஏறினால் என்ன நடக்கிறது?

ஈஸ்ட்டைச் சேர்த்ததும் அது உடனே ஆல்கஹால் தயாரிப்பில் முழுமூச்சாக இறங்கிவிடுவதில்லை. முதலில் வோர்ட்டில் உள்ள ஆக்சிஜனையும் அமினோ அமிலங்களையும் எடுத்துக்கொண்டு தன் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. முதல் இரண்டு மூன்று நாள்களில் நடக்கும் இந்தப் பெருக்கத்தின்போதுதான் சுவையை மாற்றும் துணைப்பொருள்களில் பெரும்பாலானவை உருவாகின்றன. வெப்பம் அதிகமானால் பெருக்கம் வேகமாகும். உயர் ஆல்கஹால்கள் கூடும். அந்த ஆல்கஹால்களிலிருந்து பிறக்கும் எஸ்டர்களும் கூடும். ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர் வாழைப்பழ வாசனை தருவது. எத்தில் அசிடேட் சிறிய அளவில் பழ வாசனையாகவும், கூடுதலானால் நகப்பூச்சு நீக்கியைப் போலவும் மணப்பது. வெப்பம் குறைவாக இருந்தால் இவை அடங்கியிருக்கும். ஆனால் வேலை மெதுவாகும், மிகவும் குறைந்தால் ஈஸ்ட் சர்க்கரையை முடிக்காமலேயே அடியில் படிந்து உறங்கிவிடும்.

இதிலிருந்து தொடக்கநிலையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் தெளிவானது. வெப்பக் கட்டுப்பாட்டுக்கு நம்மால் ஓரளவுதான் உழைக்க முடியும் என்றால், அந்த உழைப்பை முதல் 72 மணி நேரத்துக்கே செலவிட வேண்டும். ஆறாம் நாளில் பீர் 20 டிகிரிக்கு ஏறினால் கோல்ஷ் கெட்டுப்போகாது, சொல்லப்போனால் நன்மையே. முதல் நாளில் 24 டிகிரியில் ஈஸ்ட்டைச் சேர்த்துவிட்டு, ‘இரவுக்குள் குளிர்ந்துவிடும்’ என்று விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் அந்த வாசனையை முழுமையாக எடுக்க முடியாது. ஆகவே வோர்ட்டை நொதிப்பு வெப்பநிலைக்கும் ஓரிரு டிகிரி கீழே இறக்கிய பிறகே ஈஸ்ட்டைச் சேர்ப்பது நல்லது. குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் ஊரில், குளிர்விக்கும் சுருளால் 22 டிகிரிக்குக் கீழே போக முடியவில்லை என்றால், கலனை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் சில மணி நேரம், தேவையானால் ஓர் இரவு முழுவதும்கூட வைத்துவிட்டுக் காலையில் ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். கலனும் மூடியும் நன்கு கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்தத் தாமதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஈஸ்ட்டின் அளவும் இங்கே சேர்த்துப் பேச வேண்டியது, ஏனெனில் குளிரில் வேலை வாங்க வேண்டுமானால் கூடுதல் ஈஸ்ட் தேவை. வழக்கமான ஏலுக்கு ஒரு மில்லிலிட்டர் வோர்ட்டுக்கு, ஒவ்வொரு பிளாட்டோ அடர்த்திக்கும் (பிளாட்டோ என்பது வோர்ட்டில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவற்றின் எடை விழுக்காடு) 7.5 லட்சம் செல்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கோல்ஷுக்கு அதை 10 லட்சமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 12 பிளாட்டோ அடர்த்தியுள்ள 20 லிட்டர் வோர்ட்டுக்கு இது ஏறத்தாழ 24,000 கோடி செல்கள் ஆகிறது. சந்தையில் கிடைக்கும் ஒரு திரவ ஈஸ்ட் பை பொதுவாக இதற்குப் போதாது. நீர்த்த மால்ட் சாற்றில் முன்கூட்டியே வளர்த்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும், அல்லது உலர் ஈஸ்ட் பொட்டலங்கள் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் குறைவாக இருந்து வெப்பமும் குறைவாக இருந்தால் நொதிப்பு தொடங்கவே இரண்டு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வேறு நுண்ணுயிர்கள் புகுந்துகொள்ள இடம் கொடுக்கிறோம்.

பீரின் வெப்பநிலையும் அறையின் வெப்பநிலையும்

நொதிப்பு வெப்பத்தை வெளியிடும் வேதிவினை. 20 லிட்டர் கலன் ஒன்றில் நொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது, உள்ளே இருக்கும் பீர் சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடாக இருக்கலாம். அறை 20 டிகிரி என்றால் பீர் 24 டிகிரியில் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். உறையில் அச்சிட்ட வரம்பை மதித்ததாக நினைத்துக்கொண்டே பலர் அதைத் தாண்டிவிடுவது இப்படித்தான்.

இதற்குத் தீர்வு அளக்கும் இடத்தை மாற்றுவது. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றையும், குளிர், சூடு இரண்டையும் இயக்கக்கூடிய ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் வைத்திருப்பவர், உணரியைப் பெட்டிக்குள் காற்றில் தொங்கவிடக் கூடாது. காற்று விரைவில் குளிர்ந்துவிடுவதால் இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும். ஆனால் பீர் தன் போக்கில் சூடாகிக்கொண்டிருக்கும். உணரியைக் கலனின் பக்கவாட்டில், திரவ மட்டத்தின் பாதி உயரத்தில் ஒட்டி, அதன்மேல் உள்ளங்கை அளவு தடிமனான நுரைப்பஞ்சு அல்லது மடித்த துணியை வைத்து, ஒட்டுநாடாவால் இறுகக் கட்டிவிட வேண்டும். காற்றிலிருந்து மறைக்கப்பட்ட உணரி, கலனின் சுவர் வழியாக பீரின் வெப்பத்தைக் காட்டும்; உள்ளிருக்கும் உண்மை வெப்பநிலைக்கு மிக நெருக்கமாகவே அது இருக்கும். ஏற்ற இறக்க வரம்பை அரை டிகிரியாகவும், இயந்திரம் நின்று மீண்டும் ஓடுவதற்கான இடைவெளியைச் சில நிமிடங்களாகவும் வைத்தால் அமுக்கியும் பழுதாகாது.

கருவி எதுவும் இல்லாதவர் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் கலனைப் பாதி உயரம் மூழ்கும்படி வைத்து, உறைந்த தண்ணீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றிப் போடலாம். தண்ணீர் அதிக வெப்பத்தைத் தாங்கிக்கொள்வதால் பீரின் வெப்பநிலை சட்டென்று ஏறி இறங்காது. அறை 20 அல்லது 22 டிகிரியாக இருக்கும் இடத்தில் இந்த முறையால் 16 டிகிரியைப் பிடித்து வைக்க முடியும். அறையே 30 டிகிரி என்றால், இதைக்கொண்டு கோல்ஷ் காய்ச்ச முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோல்ஷ்: அடக்கமே அழகு

கோல்ஷ் வெளிர் பொன்னிறமானது. தொடக்க அடர்த்தி (தண்ணீரை 1.000 எனக் கொண்டு அளப்பது) 1.044 முதல் 1.050 வரை, ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டியது. கொலோன் நகரின் மதுக்கூடங்களில் ‘கேபஸ்’ எனப்படும் பரிசாரகர்கள் 0.2 லிட்டர் கொள்ளும் மெல்லிய உருளைக் கோப்பையில் இதைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோப்பை காலியானதும் கேட்காமலே அடுத்தது வரும். மால்ட்டும் ஹாப்ஸும் மென்மையாகவே இருக்கும் இந்த பீரில் ஒளிந்துகொள்ள எதற்கும் இடமில்லை. ஆப்பிள் அல்லது பேரிக்காயை நினைவூட்டும் மெல்லிய பழவாசனை மட்டும் தெரிய வேண்டும். வாழைப்பழம் மணந்தால் அது பிழை.

இதற்கு என் பரிந்துரை: 14 அல்லது 15 டிகிரியில் ஈஸ்ட்டைச் சேர்த்து, 16 டிகிரிக்கு ஏறவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். அடர்த்தி எங்கே இருக்கிறது என்பதை நாள்கணக்கைப் பார்த்து முடிவு செய்யாமல், அடர்த்திமானியால் அளந்தே முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.048-இல் தொடங்கி 1.009-இல் முடிய வேண்டிய பீர் 1.020-ஐத் தொடும்போது, நொதிக்க வேண்டிய சர்க்கரையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீர்ந்திருக்கும். எஸ்டர் உருவாகும் கட்டம் கடந்துவிட்டது. இனி வெப்பத்தை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 19 அல்லது 20 வரை ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும். ஏனென்றால் ஈஸ்ட்டுக்கு இப்போது இரண்டு வேலைகள் மீதமிருக்கின்றன: கடைசிச் சர்க்கரையை முடிப்பது, தான் முன்பு வெளியிட்ட வேண்டாத பொருள்களைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது.

அந்த இரண்டாவது வேலையைத் தொடக்கநிலையாளர்கள் பலர் தவறவிடுகிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். வளரும்போது ஈஸ்ட் ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருளை வெளியே கசியவிடுகிறது. அதற்கு வாசனை இல்லை. ஆனால் அது மெதுவாக டயசெட்டிலாக மாறும்போது, வெண்ணெய் தடவிய பாப்கார்னின் வாசனை எழும். நல்ல நிலையில் உள்ள ஈஸ்ட் அந்த டயசெட்டிலை உள்ளிழுத்து வாசனையற்ற பொருளாக மாற்றிவிடும். குளிரில் இந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கிறது. குமிழிகள் நின்றுவிட்டன என்று அவசரப்பட்டுக் கலனை 2 டிகிரிக்கு இறக்கினால், ஈஸ்ட் படிந்துவிடும், மாறாத அசிட்டோலாக்டேட் மட்டும் பீரில் தங்கிவிடும். அன்று சுத்தமாக மணந்த பீர், புட்டியில் அடைத்துச் சில வாரங்கள் கழித்து வெண்ணெய் மணக்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மதுவாலைகள் செய்யும் ஓர் எளிய சோதனை வீட்டிலும் செய்யக்கூடியது. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கலனிலிருந்து கொஞ்சம் பீரை எடுத்து, இரண்டின் வாயையும் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் உள்ள தண்ணீரில் 20 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் தாளை விலக்கி ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். சூடு, மறைந்திருந்த அசிட்டோலாக்டேட்டை டயசெட்டிலாக மாற்றியிருக்கும். சூடாக்கிய குவளையில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தால், ஈஸ்ட்டின் வேலை முடியவில்லை; 20 டிகிரியில் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். இரண்டிலும் வந்தாலும் அதுவே வழி. இரண்டிலும் வராவிட்டால் குளிரவைக்கத் தடையில்லை.

குளிரவைப்பதை ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி என்ற அளவில் நிதானமாகச் செய்து, 1 அல்லது 2 டிகிரியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்திருங்கள். கோல்ஷ் ஈஸ்ட் எளிதில் திரண்டு படியாத வகை. துகளாகவே நெடுநாள் மிதந்துகொண்டிருக்கும். குளிரும் காலமும்தான் அதை அடியில் இறக்கி பீரைத் தெளியவைக்கின்றன. குளிர்நொதிப்பில் எழும் மெல்லிய கந்தக வாசனையும் இந்த வாரங்களில் தணிந்துவிடும். பொறுமை இல்லாமல் இந்தக் கட்டத்தைக் குறைப்பவர், முன்பு வெப்பநிலைக்காகப் பட்ட பாட்டின் பாதிப் பயனை இழக்கிறார் என்றே சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சேர்க்க வேண்டும். கொலோனின் சில பெரிய மதுவாலைகள் இதைவிடக் கூடுதலான வெப்பநிலையில் நொதிக்கவைப்பதாகப் படித்துவிட்டு, அதே எண்ணை வீட்டில் பின்பற்றத் தோன்றலாம். பல மீட்டர் உயரமுள்ள எஃகுக் கலன்களில் திரவத்தின் எடை தரும் அழுத்தமும், கரைந்திருக்கும் கரியமில வாயுவும் எஸ்டர் உருவாவதை அடக்குகின்றன. முழங்கால் உயரமே உள்ள நம் கலனில் அந்த அழுத்தம் இல்லை. அதே ஈஸ்ட், அதே வெப்பநிலை என்றாலும் வீட்டில் பழவாசனை தூக்கலாக வரும். ஆகவே ஓரிரு டிகிரி கீழே நிற்பதே நமக்குச் சரி.

டுசல்டார்ஃபின் ஆல்ட் செம்பு நிறமும் அழுத்தமான கசப்பும் கொண்டது. ஈரிகே, ஷூமாகர், ஃப்யூக்ஷன், ஷ்லூசல் ஆகிய மதுக்கூடங்கள் அந்நகரில் இதை இன்றும் தாங்களே காய்ச்சிப் பரிமாறுகின்றன. வெப்பநிலைத் திட்டம் கோல்ஷுக்குச் சொன்னதேதான். மியூனிக் மால்ட்டின் ரொட்டிச் சுவையும் ஹாப்ஸின் கசப்பும் முன்னால் நிற்பதால், 17 டிகிரிக்குச் சற்று ஏறினாலும் ஆல்ட் மன்னித்துவிடும். முதல் முயற்சிக்கு கோல்ஷைவிட ஆல்ட்டே ஏற்றது என்று நான் கருதுவதற்குக் காரணம் இது.

வைஸ்பியர்: வாழைப்பழமும் கிராம்பும்

பவேரியாவின் கோதுமை பீருக்கு வரும்போது கணக்கே மாறுகிறது. இங்கே ஈஸ்ட்டின் குரல் கேட்க வேண்டும். கோதுமை பீர் காய்ச்சும் உரிமை நெடுங்காலம் பவேரிய அரச குடும்பத்தின் தனிச்சொத்தாக இருந்தது. 1872-இல் ஜியார்க் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்ற பிறகே தனியார் கைகளில் அது மீண்டும் தழைத்தது. இன்று உலகெங்கும் வைஸ்பியர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட்டுகளில் மிகப் புகழ்பெற்றது, வைஹென்ஸ்டெஃபான் ஈஸ்ட் வங்கியின் டபிள்யூ-68 என்ற இனம். வீட்டில் காய்ச்சுவோருக்கு வையீஸ்ட் 3068 போன்ற பெயர்களில் இது கிடைக்கிறது. அதன் உறையில் 18 முதல் 24 டிகிரி என்ற வரம்பு இருக்கும்.

இந்த பீரின் இரு முக்கிய வாசனைகள் வாழைப்பழமும் கிராம்பும். வாழைப்பழம் முன்பே சொன்ன எஸ்டர், வெப்பத்தோடு ஏறுவது. கிராம்பு வாசனை தரும் 4-வினைல் குவையகால், தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் உண்டாவது. அது எவ்வளவு உருவாகும் என்பது, வோர்ட்டில் எவ்வளவு ஃபெருலிக் அமிலம் இருக்கிறது என்பதையே பெரிதும் சார்ந்தது. குறைந்த வெப்பத்தில் நொதிக்கவைத்தால் கிராம்பு கூடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அப்போது வாழைப்பழம் அடங்குவதால் கிராம்பு எடுப்பாகத் தெரிகிறது. கிராம்பைக் கூட்ட வேண்டும் என்பவர், நொதிப்புக் கலனைவிட மால்ட் ஊறும் கலனில்தான் வேலை செய்ய வேண்டும்: மால்ட் கூழை 43 முதல் 45 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பிறகு சூட்டை ஏற்றினால், ஃபெருலிக் அமிலம் கூடுதலாக விடுபடும்.

சமநிலை விரும்புபவர் 16 டிகிரியில் ஈஸ்ட்டைச் சேர்த்து 18 அல்லது 19-இல் நிறுத்தலாம். வாழைப்பழம் தூக்கலாக வேண்டும் என்றால் 21 வரை போகலாம். 24-ஐத் தாண்டினால் வாழைப்பழம் கூடவே சாராய நெடியும் கரைப்பான் வாசனையும் வந்து சேரும். ஈஸ்ட்டைச் சேர்க்கும் வெப்பநிலையும் நொதிக்கும் வெப்பநிலையும் கூட்டினால் 30 வர வேண்டும், அதாவது 12-இல் சேர்த்து 18-இல் நொதிக்க வேண்டும் என்ற ஒரு பழைய கைக்கணக்கு ஜெர்மானியக் காய்ச்சுநர்களிடையே உண்டு. நான் இதைக் கண்டிப்பான விதியாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்ச்சியாகத் தொடங்கி ஏறவிட வேண்டும் என்ற அதன் உள்ளடக்கம் நூற்றுக்கு நூறு சரியானது.

வைஸ்பியரில் நுரை மிக உயரமாக எழும். 20 லிட்டர் பீருக்கு 30 லிட்டர் கலன் இருப்பது நல்லது. இல்லையென்றால் மூடியிலிருந்து ஒரு தடித்த குழாயைத் தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் விட்டு, வழியும் நுரைக்கு வழி செய்ய வேண்டும். நொதிப்பு முடிந்ததை அடர்த்தி மூலம் உறுதி செய்துகொண்டதும் புட்டியில் அடைக்கலாம். வாரக்கணக்கில் குளிரில் முதிரவைக்கத் தேவையில்லை, ஏனெனில் மிதக்கும் ஈஸ்ட்டும் கலங்கிய தோற்றமும் இந்த பீருக்கு உரியவை. இதன் வாசனையும் இளமையில்தான் சிறப்பாக இருக்கும்.

குளிர்பதனக் கருவி இல்லாதவர் தம் வீட்டுக்கு ஏற்ற பீரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழியே. குளிர்காலத்தில் 12, 13 டிகிரியில் இருக்கும் நிலவறை கிடைத்தால், அங்கே கோல்ஷோ ஆல்ட்டோ தானாகவே 16-ஐ ஒட்டி நொதிக்கும். அறை 16, 17 டிகிரியில் இருக்கும் வசந்த காலம் வைஸ்பியருக்கு உரியது.

குளிரில் முதிரவைத்த பீரைப் புட்டியில் அடைக்கும்போதும் வெப்பநிலை ஒருமுறை குறுக்கிடுகிறது. புட்டிக்குள் வாயு உண்டாக நாம் சேர்க்கும் சர்க்கரையைக் கணக்கிட, பீரில் ஏற்கெனவே எவ்வளவு கரியமில வாயு கரைந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். குளிர்ந்த பீரில் வாயு அதிகம் கரையும் என்பதால், 2 டிகிரியில் இருக்கும் கோல்ஷில் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் வாயு இருக்கும் என்று அட்டவணைகள் காட்டும். ஆனால் நொதிப்பு ஓய்ந்து 20 டிகிரியில் இருந்தபோதே வாயு வெளியேறிவிட்டது. பின்னர் குளிரவைத்ததால் அது திரும்பி வந்துவிடாது. ஆகவே கணக்கில் போட வேண்டியது நொதிப்பு முடிந்தபின் பீர் தொட்ட உச்ச வெப்பநிலையை. 20 டிகிரி என்று போட்டால் கரைந்திருக்கும் வாயு லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம்; 20 லிட்டர் கோல்ஷை வழக்கமான அளவுக்கு நுரைக்கவைக்க 125 முதல் 130 கிராம் சர்க்கரை தேவைப்படும். 2 டிகிரி என்று போட்டால் 70 கிராமை ஒட்டியே விடை வரும், பீரும் சப்பென்று இருக்கும். அடைத்த புட்டிகளை இரண்டு மூன்று வாரம் 20 டிகிரியில் வைத்திருந்து, ஒன்றைத் திறந்து நுரை போதுமானதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். நெடுநாள் குளிரில் கிடந்த ஈஸ்ட் எண்ணிக்கையில் குறைந்திருக்கும் என்பதால், புதிதாக நொதித்த பீரைவிட இதற்குச் சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கும்.